தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஜெயந்தினி மிஸ்ஸி

கிளினிக் நாளில் ஜெயந்தினி மிஸ்ஸி முதலில் தேடிப் போவது ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தை. தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம் இருக்கிறது. ‘புகைத்தல் தடை’ என்று மூன்று மொழியிலும் எழுதிய பலகைக்கு நேர் கீழே நாலைந்து ஆண்கள் குந்தியிருந்து பீடி குடித்துக்கொண்டிருப்பார்கள். மிஸ்ஸி பழைய பத்திரிகைத் தாள் ஒன்றை விரித்து, வெள்ளைச் சீருடை ஈரமாகாதபடி அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். யாரும் பீடியை ஒளிப்பதில்லை. அவரும் அணைக்கச் சொல்வதில்லை.

“அந்த ஆளு இன்னைக்கி எத்தன தடவ வந்தாரு?” என்று கேட்பார்.

அந்த ஆள் என்பது பீடி. பீடியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. “காலையில எந்திரிச்சதும் வந்துட்டாரா? பல்லு வெளக்க வுட்டாரா இல்லையா?” என்று, அழைக்காமல் வீட்டுக்கு வந்து, திரும்பிப் போகாமல் இருக்கும் விருந்தாளியை விசாரிப்பதுபோல விசாரிப்பார். புதிதாக வந்தவர்கள் ஒருமுறை குழம்புவார்கள். அவர்களில் பலருக்கு மற்றவர்களுக்குக் கேட்காத குரல்கள் கேட்கும். ஒருநாள் அங்கே மருந்து எடுக்கும் வீரய்யா என்பவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாராம்: “எந்த ஆளு மிஸ்ஸி? காதுல பேசுற ஆளா, வாயில பொகையிற ஆளா?” அதைச் சொல்லும்போதெல்லாம் மிஸ்ஸி கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பார். சிரிப்பு எப்போதும் அவருக்குத் தாமதமாகத்தான் வரும். மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பார்.

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கும் சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி அது. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மாதத்துக்கு ஒருமுறை இங்கே வருகிறார்கள். ஜெயந்தினி இவர்களுக்கான தாதி; தாதியை இங்கே மிஸ்ஸி என்பார்கள். கிளினிக் இல்லாத நாட்களில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய், மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்று பார்த்து வருவார். மழைக்காலத்தில் சப்பாத்துக்குள் ஷொப்பிங் பையைச் சுற்றிக்கொள்வார். நடுவீட்டில் கத்தியோடு நின்றவரிடம் பேசிக் கத்தியை வாங்கியிருக்கிறார். ஆனால் ஓர் அட்டை காலில் ஏறிவிட்டால் போதும், கூட வந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றுவிடுவார். “எடுங்க, எடுங்க, நான் பாக்கல” என்று கண்ணை மூடிக்கொள்வார்.

பிறந்தது றொசல்லப் பக்கம் ஒரு லயத்தில். இப்போது இருப்பது ஹட்டனில். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மேலிடத்தோடு தொலைபேசியில் பேசும்போது சிங்களம் மழைபோலக் கொட்டும். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ‘ஹரி, ஹரி’, சரி சரி, என்று தானே தலையாட்டிக்கொள்வார்.

மனநோய்க்கு மருந்து கொடுக்க வந்தவர் பீடியின் பின்னால் ஏன் போகிறார் என்று கேட்டேன். தேத்தண்ணியை முழுக்கக் குடித்து முடித்த பிறகுதான் சொன்னார்.

“எங்க அண்ணனுக்கும் இந்த வருத்தம் இருந்திச்சுங்க. சின்ன வயசுலயே. அரிசி, மாவு வாங்குற மாதிரி எங்கம்மா அவருக்குப் பீடி வாங்கி வைப்பாங்க. குடிச்சா அமைதியா இருக்காருன்னு. அவரு இருமுனா வெளிய போய் இருமுன்னுதான் சொல்லுவோம். நெஞ்சப் புடிச்சிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா, பழைய கிளினிக் அட்டையப் பாத்துட்டு, ஏதோ கற்பனைன்னு அனுப்பிருவாங்க. கடைசியில அவரு புத்தி கெட்டுச் சாகலீங்க. நெஞ்சு அடைச்சுத்தான் செத்தாரு. அம்பது வயசு கூட ஆகல. நாங்க எல்லாரும் அவரு மண்டையவே பாத்துக்கிட்டு இருந்தோம்.”

சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

ஆஸ்பத்திரியிலேயே இந்த வேலையை எல்லோரும் விரும்பினார்கள் என்று சொல்ல முடியாது. கூட வேலை செய்யும் ஒருவர் ஆரம்பத்தில் நேராகவே சொன்னார்: “பாவங்க. அதுகளுக்கு இருக்கிற ஒரே சந்தோசம் அதுதான். அதையும் புடுங்கணுமா?” மிஸ்ஸி சண்டை போடவில்லை. “ஒரே சந்தோசம்னு நாமதானே முடிவு பண்ணிட்டோம். இன்னொன்னு குடுத்துப் பாத்தமா?” என்று மட்டும் கேட்டார்.

இன்னொன்றைத் தேடுவதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பீடியை விடுவதற்கென்று உள்ள சூயிங்கத்தை ஹட்டன் கடைகளில் தேடியும் கிடைக்கவில்லை. அதனால் ஒருவருக்குக் கறுவாப் பட்டை, இன்னொருவருக்கு வறுத்த கச்சான் கடலை. கை சும்மா இருக்கக்கூடாது என்பார். விடு என்ற சொல்லை அவர் பயன்படுத்துவதே கிடையாது. “தள்ளிப் போடுங்க. இப்ப வேணாம், கொழுந்து எடை போட்டு முடிச்சப்புறம் பாப்போம்னு சொல்லுங்க. அப்புறம் அவரு வந்தா, சோறு தின்னுட்டுப் பாப்போம்னு சொல்லுங்க.” துஷாந்த் என்ற இளைஞர் பலமுறை விட்டுப் பலமுறை தொடங்கியிருக்கிறார். ஒவ்வொரு முறை விடும்போதும், அது முதல் தடவை என்பதுபோல மிஸ்ஸி அவருக்குக் கை கொடுக்கிறார்.

ஆனால் ஜெயந்தினியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் வீரய்யாவின் கதையைச் சொல்லாமல் முடியாது.

வீரய்யாவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. அக்கா லெட்சுமியோடு லயத்தில் ஒரே காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், இருக்கிறார். லெட்சுமி கொழுந்து பறிக்கிறார், தம்பியையும் பார்த்துக்கொள்கிறார். வீரய்யாவுக்கு இளவயதில் வந்த மனச்சிதைவு எந்த மருந்துக்கும் கட்டுப்படாமல் இருந்து, கடைசியில் ஒரு வலுவான மாத்திரைக்குக் கட்டுப்பட்டது. மாதாமாதம் இரத்தம் பரிசோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மாத்திரை. குரல்கள் ஓய்ந்தன. பீடி மட்டும் ஓயவில்லை. முன்பு எங்கோ தங்கவைத்துச் சிகிச்சை கொடுத்த இடத்தில், சொன்னபடி குளித்துச் சாப்பிட்டால் ஒரு பீடி பரிசாகக் கிடைக்குமாம். அப்படித்தான் அவர் பழகினார். விரல் நுனிகள் மஞ்சள் பூசியதுபோல இருக்கும். மேல்சட்டை முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை.

ஒரு வறண்ட மாசி மாதத்துப் பகல். லயத்தில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார்கள். வீரய்யா பீடி குடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். கம்பளியில் நெருப்புப் பிடித்து, மெத்தைக்குப் போய், புகை கூரைக்கடியில் நீளமாக ஓடியது. லயத்தில் காம்பராக்களுக்கு நடுவில் சுவர் உண்டு. கூரை ஒன்றுதான். அடுத்த காம்பராவில் இருக்கும் சின்னத்தம்பியின் மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, பிள்ளையைத் தொட்டிலில் போட்டிருந்தாள். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து புகையைப் பார்த்துவிட்டு ஓடி வந்து பிள்ளையைத் தூக்கினாள். அவள் கூச்சல் கேட்டு ஓடிவந்தவர்கள், ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி நெருப்பை அணைத்தார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரம் இருமியது. அவ்வளவுதான். புகையில் விழித்து வெளியே வந்திருந்த வீரய்யா இஸ்தோப்பில், வீட்டு முன்தாழ்வாரத்தில், நின்று அந்தச் சின்ன இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் கூட்டம். சின்னத்தம்பி கோபக்காரர் இல்லை. அதனால் அவர் சொன்னது இன்னும் கனமாக விழுந்தது. “லெட்சுமி, ஒன் தம்பி மேல எனக்கு ஒரு விரோதமும் இல்ல. ஆனா எம் பேரப்புள்ள தூங்குற எடத்துக்குப் பக்கத்துல நெருப்ப வச்சிக்கிட்டு என்னால வேலைக்குப் போக முடியாது. பீடி நிக்கணும். இல்லாட்டி எங்கயாவது ஒரு இல்லத்துல சேத்துரு.” தோட்டத்துத் தலைவரும் அதையே சொன்னார். தீபாவளி வரைக்கும் தவணை கொடுத்தார்கள். லெட்சுமி அழுதார். வீரய்யா வீட்டுக்குப் போய், இருந்த பீடிக் கட்டுகளை எல்லாம் எடுத்துக் கக்கூசுக் குழியில் போட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் யாருக்கும் சொல்லவில்லை. கிளினிக் வருவதற்கு இன்னும் நாள் இருந்தது. முதலில் தூக்கம் வராமல் இஸ்தோப்பில் நடந்துகொண்டே இருந்தார். லெட்சுமி மனதுக்குள் சாமிக்கு நேர்ந்துகொண்டார். ஆனால் ஒரு வாரம் போவதற்குள் வீரய்யா எழுந்திருக்கவே மாட்டேன் என்று படுத்துவிட்டார். எப்போது பார்த்தாலும் உறக்கம். வாயிலிருந்து எச்சில் வழிந்து தலையணை நனைந்தது. பேச்சு குழறியது. ஒரு காலை பீலியடியில் முகம் கழுவப் போனவர் அப்படியே தலைசுற்றி விழுந்தார். லெட்சுமிக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கடைக்கு ஓடி ஒரு பீடி வாங்கி, தன் கையாலேயே பற்றவைத்துத் தம்பியின் வாயில் வைத்தார். பிறகுதான் மிஸ்ஸிக்குப் போன் செய்தார்.

மிஸ்ஸி போனபோது, பாதி எரிந்த பீடி தரையில் கிடந்தது. வீரய்யா சுவரில் சாய்ந்திருந்தார். லெட்சுமி வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

“நீங்கதானே மிஸ்ஸி கிளினிக்குல தள்ளிப் போடுங்க, தள்ளிப் போடுங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பீங்க? இப்ப பாருங்க. இத்தன வருசம் பீடியோட நடமாடுன மனுசன். வுட்டதும் கெடையில வுழுந்துட்டான்.”

“அக்கா, நான் பாக்குறேன். மொதல்ல தள்ளுங்க.”

“எனக்குத் தம்பிதான் வேணும். லயத்த வுட்டுப் போகச் சொன்னா போறோம்.”

மிஸ்ஸி வீரய்யாவின் நாடியைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். எங்கே இருக்கிறோம், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். பிறகு லெட்சுமியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

“பீடிய வுட்டதால வருத்தம் வரல அக்கா. மருந்து கூடிப்போச்சு. பொகை உள்ள போய்க்கிட்டே இருந்தா, ஒடம்பு இந்த மாத்தரைய வேகமா அழிச்சிரும். அதனாலதான் வீரய்யா அண்ணனுக்கு டொக்டர் கூடுதலாக் குடுத்துக்கிட்டு இருந்தாரு. இப்ப பொகை இல்ல. மாத்தர அழியாம உள்ளயே சேருது. அதான் தூக்கம், அதான் எச்சி. மாத்தரைய கொறைக்கணும். வெளங்குதா?”

லெட்சுமிக்குப் பாதிதான் விளங்கியது. “அப்ப பீடிய வுடாமலே இருந்திருக்கலாமே?”

“இருந்திருக்கலாம். அதுக்கு எங்க அண்ணன் இருந்தாரு பாருங்க, அந்த மாதிரி ஆகும்” என்று மிஸ்ஸி சொல்ல வாயெடுத்தார். ஆனால் சொல்லவில்லை. இதைப் பிறகு எனக்குச் சொன்னது மிஸ்ஸிதான். “பயந்துபோய் நிக்கிற ஆளுக்கிட்ட இன்னொரு பயத்தக் குடுக்கக் கூடாதுங்க” என்றார். லெட்சுமியிடம் சொன்னது வேறு: “வீரய்யா அண்ணன்கிட்டயே கேப்போம். அவரு ஒடம்பு.”

ஆஸ்பத்திரிக்குப் போக மிஸ்ஸி கூப்பிட்ட ஆட்டோ வரும்வரை இருவரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீரய்யா சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார்.

“பீடி வேணாம் மிஸ்ஸி. அந்தப் புள்ள இருமுச்சு.”

ஆஸ்பத்திரியில் டொக்டர் றமணன் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேசாதவர். வீரய்யாவை முழுவதுமாகப் பரிசோதித்துவிட்டு லெட்சுமியிடம் சொன்னார்: “அம்மா, உங்கட தம்பி செய்தது நல்ல விசயம். ஒரேயடியா விடேக்க எங்களுக்கு முதலே சொல்லியிருக்க வேணும். நாங்களும் இதை எல்லாருக்கும் முதலே விளங்கப்படுத்தி இருக்க வேணும். பயப்பிட வேண்டாம். மருந்தைக் குறைச்சுப்போட்டுக் கொஞ்ச நாள் இஞ்ச வைச்சுப் பாப்பம்.” அன்றிலிருந்து அந்தக் கிளினிக்கில், இந்த மாத்திரை எடுப்பவர் பீடியைக் குறைக்கப் போகிறேன் என்றால் முதல் வேலை டொக்டரிடம் போவதுதான். குறைத்தால் மருந்தும் குறையும், மறுபடி தொடங்கினால் அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மிஸ்ஸி தண்ணீர்த் தொட்டியடியில் யாரையும் கடிந்துகொள்ளாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். திட்டு வாங்குகிறவர் உண்மையைச் சொல்லமாட்டார்.

மருந்து குறைந்ததும் வீரய்யா மெல்ல எழுந்து உட்கார்ந்தார். எச்சில் நின்றது. பேச்சுத் தெளிந்தது. குரல்கள் திரும்ப வந்துவிடுமோ என்று லெட்சுமி இரண்டு மாதம் தம்பியின் உதட்டசைவையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மிஸ்ஸி வாரம் தவறாமல் போனார். வீரய்யாவுக்குக் கறுவாவும் பிடிக்கவில்லை, கச்சானும் பிடிக்கவில்லை. கடைசியில் பிடித்தது மண். லயத்துக்குப் பின்னால் குப்பை போட்டுக் கிடந்த துண்டு நிலத்தைக் கொத்தி, வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸ் போட்டார். அந்த ஆள் வரும்போதெல்லாம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். சில நாட்களில் அந்த நிலத்தைத் தேவையில்லாமல் மூன்று தரம் கொத்தினார். லீக்ஸ் முதல் தடவை சரியாகவே வரவில்லை.

தீபாவளி வந்தது. தவணை முடிந்தது. சின்னத்தம்பி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கொழும்பிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரப் பையன் சிகரெட்டை நீட்ட, வீரய்யா வாங்கிக் குடித்துவிட்டார். அடுத்த கிளினிக்கில் அவரே தண்ணீர்த் தொட்டியடிக்கு வந்து, நின்றபடியே அதைச் சொன்னார். மிஸ்ஸி பத்திரிகைத் தாளில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

“எப்புடி இருந்திச்சு?”

“நாத்தமா இருந்திச்சு மிஸ்ஸி.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நல்லாவும் இருந்திச்சு” என்றார்.

“ரெண்டும் உண்மதான். அப்புறம்?”

“அப்புறம் குடிக்கல.”

“சரி. டொக்டர்கிட்டயும் இத சொல்லிருங்க.”

பக்கத்தில் பீடியோடு உட்கார்ந்திருந்த துஷாந்த் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தன்னுடையதைச் சுவரில் தேய்த்து அணைத்து, மிச்சத்தைக் காதில் செருகிக்கொண்டார். மிஸ்ஸி அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வீரய்யா அதற்குப் பிறகு குடிக்கவில்லை. அந்தக் கிளினிக்கில் இன்னும் சிலர் முழுவதும் விட்டிருக்கிறார்கள். இன்னும் சிலர் பாதிக்கு வந்திருக்கிறார்கள். ஒன்றும் நடக்காதவர்களும் இருக்கிறார்கள். மிஸ்ஸி அவர்களோடும்தான் உட்காருகிறார்.

போன மாதம் அவரோடு அந்த லயத்துக்கு நானும் போனேன். மத்தியானம் மழை விட்டிருந்தது. சின்னத்தம்பியின் பேரன் இப்போது நடக்கிறான். வீரய்யாவின் பாத்திக்குள் இறங்கி ஒரு லீக்ஸ் செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். சின்னத்தம்பி இஸ்தோப்பிலிருந்து அதட்டினார். “வுடுங்க மாமா, சின்னப் புள்ள” என்றார் வீரய்யா. லெட்சுமி எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினார். புதிய மெத்தை, புதிய கம்பளி. மிஸ்ஸி வீரய்யாவின் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார். பிறகு மேல்லயத்தில் வேறொருவருக்கு ஊசி போட வேண்டியிருந்ததால் எழுந்தோம்.

மேல்லயத்துக்கு மலையை வெட்டிய படிகள்தான் வழி. மழையில் வழுக்கிக் கிடந்தன. வழி காட்டுகிறேன் என்று வீரய்யாவும் வந்தார். அவர் முன்னால் ஏற, மிஸ்ஸி நடுவில், நான் கடைசியில். பாதி தூரத்தில் மிஸ்ஸிக்கு மூச்சு வாங்கியது. இடுப்பில் கையை வைத்து நின்றுவிட்டார். மேலே போய்விட்ட வீரய்யா திரும்பிப் பார்த்தார். பிறகு நிதானமாக இறங்கி வந்தார். அவருக்கு இரைக்கவில்லை. கையை நீட்டினார்.

ஊசியும் மருந்தும் நோயாளர்களின் அட்டைகளும் நிறைந்த அந்தக் கனத்த பையை ஜெயந்தினி மிஸ்ஸி தோளிலிருந்து கழற்றி அவர் கையில் மாட்டிவிட்டு, அவர் ஏறட்டும் என்று படியின் ஓரமாக ஒதுங்கி நின்றார்.